வீட்டில் படிக்கவைப்பவர் யார்?

வேலூர்,
14-6-2024

அன்புத் தங்கை கிரேஸுக்கு,

அண்ணன் சத்யராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையில் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உள்ளே சாப்பாடு பழகிவிட்டது, கொசுதான் பழகவில்லை. நீயும் மச்சான் ராமராஜனும் சுகமா? கம்பெனியில் மச்சானுக்கு நைட் ஷிஃப்ட் மாறியதா? என் மகள் எப்படி இருக்கிறாள்?

பள்ளிக்கூடம் திறந்திருப்பார்கள். பத்தாம் வகுப்பு. இது விளையாட்டு இல்லை கிரேஸ். அவள் அம்மா போன நாளிலிருந்து ஷாரோனைப் படிக்கவைத்தது நான் ஒருத்தன். இப்போது நீங்கள் இரண்டு பேரும் என் வீட்டில் வந்து இருப்பதால் சொல்கிறேன், கவனமாகக் கேள். அவள் படிக்கும்போது டிவி போடக்கூடாது. செல்போன் கண்ணில் படக்கூடாது. நீ ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். இரும்பு ஸ்கேல் பீரோ மேலே இருக்கிறது. அடிக்க வேண்டாம், கையில் இருந்தால் போதும். அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நான் உட்கார்ந்திருக்கும்போதே கணக்கில் தத்தளித்தாள். நான் இல்லாவிட்டால் என்ன ஆகுமோ!

என் வண்டியால் ஒரு உயிர் போனது. கேஸ் இழுத்து இழுத்து முடிந்து, அதற்கு நான் இங்கே இருக்கிறேன், சரி. ஒரு வருஷம், அதிலும் நன்னடத்தைக் கழிவு போக பிப்ரவரியில் விட்டுவிடுவார்கள். ஆனால் அவள் படிப்பு அதுவரை காத்திருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டால் ஒரு லீவு நாள், மனு போட்டு என்னைப் பார்க்க அவளை அழைத்து வா. முகத்தைப் பார்த்தால் போதும்.

உன் அண்ணன்,
சத்யராஜ்

*

செவிலிமேடு,
2-7-2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

கிரேஸ் எழுதுவது. ஆண்டவர் துணையில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு ஞாயிறுதோறும் ஜெபத்தில் பேர் கொடுக்கிறேன். கொசுவுக்கு ஜெபம் கேட்காது, தலையோடு போர்த்திக்கொண்டு படு.

புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. பிரித்துக் காட்டிய புடவையை மடித்து வைப்பதற்குள் அடுத்த கல்யாண வீடு வந்துவிடுகிறது. அதனால்தான் பதில் தாமதம்.

இங்கே ஒரு புதுச் செய்தி. ஏதோ ஒரு காலேஜிலிருந்து ஷாரோன் பள்ளிக்கூடத்துக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மார்க்கை எது ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று இந்த வருஷம் முழுக்கப் பின்தொடர்ந்து பார்க்கப்போகிறார்களாம். ஆறாம் வகுப்பிலிருந்து எடுத்த மார்க்கெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜீவிதா என்று ஒரு பெண் வீட்டுக்கே வந்தது. கக்கூஸ் உண்டா, தனி அறை உண்டா, தெருவில் சத்தம் உண்டா, காலையில் சாப்பிட்டாளா, வீட்டில் படிக்கவைப்பவர் யார் என்று ஆயிரம் கேள்வி. கடைசியில் என் படிப்பைக் கேட்டது. "எட்டாவதும்மா, அதுவும் பரீட்சை நேரத்துல அம்மை போட்டுடுச்சு" என்றேன். அதையும் போட்டுக்கொண்டது. எனக்கு அம்மை போட்டது ஷாரோன் மார்க்கை எப்படி இறக்கும் என்று தெரியவில்லை.

மனு பார்க்க வருவது பற்றி எழுதியிருந்தாய். அவளுக்கு லீவு நாளிலும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள் அண்ணா. பார்க்கலாம்.

உன் தங்கை,
கிரேஸ்

*

வேலூர்,
20-7-2024

அன்புத் தங்கைக்கு,

சத்யராஜின் வாழ்த்துகள். நான் சௌக்கியம். நீயும் மச்சானும் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண் மறுபடி வந்தால் தெளிவாகச் சொல். படிக்கவைப்பவர்: தகப்பனார். பெயர் சத்யராஜ், குட்டியானை லோடு வண்டி ஓட்டுநர், படிப்பு பத்தாவது வரை. கணக்கில் போய்விட்டது என்பதைச் சொல்ல வேண்டாம். இப்போது வெளியூர் வேலை என்று சொல். சிறை என்று போட்டால் பிள்ளையை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தனி அறை, சத்தம், சாப்பாடு இதெல்லாம் கேட்டிருக்கிறார்களே, நான் எல்லாம் செய்து வைத்திருக்கிறேன் பார்த்தாயா? நான் பட்டினி கிடந்திருப்பேன், அவள் ஒரு நாள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போனதில்லை. தெருவில் மேளம் அடித்தால்கூட வெளியே போய்ச் சண்டை போட்டு நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கேள்விக்கெல்லாம் நம் வீட்டில் நல்ல பதில்தான்.

படிக்கவைப்பவர் யார் என்ற கேள்விக்கு ஷாரோன் என்ன சொன்னாள்? உன் கடிதத்தில் அது இல்லை. மறக்காமல் எழுது.

சத்யராஜ்

*

செவிலிமேடு,
5-10-2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

உன் தங்கையின் அன்பு. பதில் போட இத்தனை நாள் ஆனதற்குத் திட்டாதே. ஆடித் தள்ளுபடி முடிந்தது, ஆவணி முகூர்த்தம் வந்தது, கால் வீங்கியது, இப்போது தேவலை. உனக்கு இருமல் வந்தால் மருந்து கேட்டு வாங்கிக் குடி, வெட்கப்படாதே.

முதலில் நல்ல செய்தி. காலாண்டில் ஷாரோனுக்குக் கணக்கில் எழுபத்தொன்று. மற்ற பாடங்களும் ஏறியிருக்கின்றன. நான் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வேறு ஷாரோனுடையதோ என்று.

இன்னொரு கூத்தையும் கேள். ஜீவிதா பள்ளிக்கூடத்தில் இவளைக் கூப்பிட்டு, "அப்பா இருக்காராம்மா?" என்று கேட்டிருக்கிறாள். இவள், "இல்லக்கா" என்றிருக்கிறாள். அவ்வளவுதான், தகப்பனார் காலமாகிவிட்டார் என்று போட்டுக்கொண்டு போய்விட்டது அந்தப் பெண். நம் தமிழில் ஆள் டீக்கடைக்குப் போயிருந்தாலும் இல்லைதான், கல்லறைக்குப் போயிருந்தாலும் இல்லைதான். கலைவாணன் சார், அவள் வகுப்பாசிரியர், இந்த வருஷம்தான் மாற்றலில் வந்தவர், என்னைக் கடையில் பார்த்துத் துக்கம் விசாரிக்கிறார். "ஐயோ சார், எங்க அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு" என்றேன். அவர் புடவை வாங்காமலே போய்விட்டார்.

செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுசு கூடும் என்பார்கள். உனக்கு நூறு வயசு. அந்தப் பெண் வரும்போது திருத்தச் சொல்லிவிடுகிறேன்.

கிரேஸ்

*

வேலூர்,
16-10-2024

தங்கை கிரேஸுக்கு,

உடம்பு பரவாயில்லை. கால் வீக்கத்துக்கு உப்புப் போட்ட வெந்நீரில் காலை வை.

நீ சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியூர் என்று சொல்லச் சொன்னேனா இல்லையா? உயிரோடு இருக்கிற தகப்பனைச் செத்தவன் என்று போட்டால் அவள் உடனே, இல்லை அக்கா, இருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டாமா? கூச்சத்தில் விட்டிருப்பாள். அவள் சுபாவம் அப்படி. நீ திருத்தினாயா? திருத்தியதும் எனக்கு எழுது.

எழுபத்தொன்று என்று படித்ததும் பக்கத்தில் இருந்தவனைக் கட்டிப்பிடித்துவிட்டேன் கிரேஸ். அவன் யார் என்றுகூடத் தெரியாது. ஏட்டய்யாவிடமும் சொன்னேன். "உம் பொண்ணாய்யா?" என்றார். நான் அன்றைக்கு நடந்த நடையே வேறு. யார் சொல்லிக்கொடுத்தது? டியூஷனா? நான் சொன்ன மாதிரி நீ பக்கத்தில் உட்கார்கிறாயா? இத்தனை வருஷம் நான் போட்ட உரம் இப்போதுதான் வேர் பிடிக்கிறது என்று நினைக்கிறேன்.

அவளை ஒரு வரி எழுதச் சொல்.

சத்யராஜ்

*

செவிலிமேடு,
7-12-2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க ஆண்டவர் துணை. தீபாவளிக் கூட்டம் ஓய்ந்ததும் புயல் வந்துவிட்டது. பாலாற்றில் தண்ணீர் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நம் வீட்டில் பின்பக்கம் கொஞ்சம் ஒழுகுகிறது, மச்சான் தார்ப்பாய் கட்டினார்.

ஷாரோனுக்கு டியூஷன் இல்லை. சாயங்காலம் கீர்த்தி வீட்டில் போய்ப் படிக்கிறாள். கீர்த்தி அவள் வகுப்புத் தோழி, நெசவுக்காரர் கந்தன் மகள். நல்ல குடும்பம். அங்கே இரண்டு தறி ஓடுகிறது. பெண்கள் இரண்டு பேரும் தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அங்கே நின்று பேசினாலே காது அடைத்துக்கொள்கிறது. "இங்க எப்படிடி படிப்பு ஏறுது?" என்று கேட்டேன். "தறி அதுபாட்டுக்கு சத்தம் போட்டுக்கினு இருக்குது அத்தை. நம்மளப் பாத்துப் போடல இல்ல?" என்றாள்.

அந்தத் திருத்தம் விஷயம், மழையில் ஜீவிதா வரவில்லை. வந்தால் பார்ப்போம்.

கிரேஸ்

*

வேலூர்,
20-12-2024

தங்கைக்கும் மச்சானுக்கும் ஷாரோனுக்கும்,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. இங்கேயும் கேக் தருவார்கள் என்று சொல்கிறார்கள். என் பங்குக்கு ஷாரோனுக்கு ஒரு நல்ல சுடிதார் எடுத்துக் கொடு.

ஆனால் நீ எனக்குச் சரியான பதில் எழுதுவதில்லை. நான் ஒன்று கேட்டால் நீ பாலாற்றைப் பற்றி எழுதுகிறாய். தறி வீட்டில் பிள்ளையைப் படிக்க விடுவதா? ஊசி விழுந்தால் கேட்கும் வீட்டை நான் வைத்துவிட்டு வந்தேன். இரைச்சலில் படித்தது பரீட்சை வரை நிற்குமா? காலாண்டு வேறு, பொதுத்தேர்வு வேறு.

பிப்ரவரி கடைசியில் விடுதலை உறுதி என்று சொல்லிவிட்டார்கள். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும். அந்த ஒரு மாதம் நான் வேறு வேலைக்குப் போகமாட்டேன். காலையும் ராத்திரியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து பாடத்தையும் முடித்துவிடுவேன். எழுபத்தொன்றைத் தொண்ணூறு ஆக்கிக் காட்டுகிறேன். கீர்த்தி வீட்டுக்குப் போவதை இப்போதே நிறுத்தி வை.

எட்டு மாதமாக அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. மனுவுக்கும் வரவில்லை. நான் வருகிறேன் என்று சொன்னால் என்ன சொல்கிறாள்? இதற்காவது பதில் எழுது.

சத்யராஜ்

*

செவிலிமேடு,
12-1-2025

அண்ணா,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

போன வாரம் ஜீவிதா வந்தாள். நான் திருத்தம் சொன்னேன், எங்கள் அண்ணன் இருக்கிறார் என்று. அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, மாற்றுவதற்கு லேப்டாப்பைத் திறந்தாள். ஷாரோன் அங்கேயே இருந்தாள். "அப்படியே இருக்கட்டும்க்கா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஜீவிதா என் முகத்தைப் பார்த்தாள். நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

பிறகு ஷாரோன் கீர்த்தி வீட்டுக்குப் போனதும் ஜீவிதா லேப்டாப்பில் ஒரு கோடு காட்டினாள். ஆறாம் வகுப்பிலிருந்து இவள் மார்க். அது இறங்கிக்கொண்டே வருகிறது. எட்டாவதில் தரைக்கு வந்துவிட்டது. ஒன்பதிலும் அப்படியே. இந்த ஜூனில் இருந்து ஏறுகிறது, அரையாண்டு வரை. "ஆன்ட்டி, எங்க கேள்வியில இருக்குற எதுவுமே இங்க நல்லதா மாறல. அதே வீடு, அதே சாப்பாடு, அதே ஸ்கூல். முன்னாடி சத்தமே இல்லாத இடம், இப்ப தறி சத்தம். எல்லாம் தலைகீழா இருக்குது. இவளுக்கு என்னதான் மாறிச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் அண்ணா. உனக்கும் இதைப் படிக்கும்போது தெரிந்திருக்கும். அவளிடம் நான் சொல்லவில்லை. காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

நீ சொன்ன மாதிரி ஜூனில் ஒரு நாள் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் எழுதியதையே அழித்து அழித்து எழுதினாள். ஏழும் எட்டும் கூட்ட வரவில்லை. "அத்தை, நீ போய்ப் படுத்துக்கோ, ப்ளீஸ்" என்றாள். அதன் பிறகு நான் உட்காரவே இல்லை. படிக்கவைப்பவர் யார் என்ற கேள்விக்கு அவள், "யாரும் இல்லக்கா" என்று சொன்னாள். அதை உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. தாமல் ரோட்டில் வண்டியை மோதிய அன்று, எட்டாவது அரையாண்டில் அவள் கணக்கில் இருபத்தெட்டு வாங்கிய மெசேஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஸ்டேஷனில் சொன்னாயே. அவள் வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சைக்கிளில் போன அந்தப் பெரியவரைத் தான்தான் கொன்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நீ பிப்ரவரியில் வருகிறாய் என்று சொன்னேன். சரி என்றாள். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. நீ அவளுக்காக உயிரைக் கொடுப்பாய், எனக்குத் தெரியாதா? அதனால்தான் இதை எழுத ஏழு மாதம் ஆனது.

கிரேஸ்

*

அனுப்புநர்
ச. ஷாரோன்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
செவிலிமேடு,
காஞ்சிபுரம்.

பெறுநர்
திரு. சத்யராஜ் அவர்கள்,
வேலூர்.

நாள்: 27-1-2025

மதிப்பிற்குரிய அப்பா,

பொருள்: பொதுத்தேர்வு முடியும் வரை வீட்டிற்கு வராமல் இருக்க வேண்டுதல் – சார்பு.

வணக்கம். நான் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுத இந்த ஒரு முறைதான் தெரியும். எனவே தவறாக நினைக்க வேண்டாம்.

தாங்கள் என்மேல் பாசமாக இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது தாங்கள்தான். டெங்கு காய்ச்சலில் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றது தாங்கள்தான். நான் எதையும் மறக்கவில்லை. ஆனால் தாங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் படித்ததை மட்டும் மறந்துவிடுகிறேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா இல்லை என்று நான் ஜீவிதா அக்காவிடம் பொய் சொல்லவில்லை. வீட்டில் இல்லை என்ற பொருளில்தான் சொன்னேன். அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு, அத்தை உண்மையைச் சொல்லும் வரை, கலைவாணன் சார் என் மார்க்கைக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். இதற்காக என்னை மன்னிக்கவும்.

சைக்கிளில் போன தாத்தாவின் பேரன் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவனைப் பார்க்கும்போது இருபத்தெட்டு ஞாபகம் வருகிறது. இந்த முறை நான் குறைவாக வாங்கினால் வேறு யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

எனவே, தாங்கள் தயவுகூர்ந்து பொதுத்தேர்வு முடியும் வரை வீட்டிற்கு வராமல் இருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
ச. ஷாரோன்

*

வேலூர்,
9-2-2025

அன்புத் தங்கை கிரேஸுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருங்கள்.

ஷாரோன் கடிதம் கிடைத்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதிலுக்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறாய் என்றெல்லாம் எழுதினேன். அதற்குள் இவள் கடிதம் வந்துவிட்டது. அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

நீ, வா, போ என்று என்னைப் பேசிய பிள்ளை அது. சோறு ஊட்டும்போது, "நீ சும்மா இருப்பா, எனக்குத் தெரியும்" என்று கையைத் தட்டிவிடும். இப்போது தாங்கள் என்று எழுதியிருக்கிறாள். கலெக்டருக்கு எழுதுகிற மாதிரி எழுதி, கடைசியில் நன்றி என்று போட்டிருக்கிறாள். பெற்ற மகள் அப்பனுக்கு நன்றி சொல்வதை நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை கிரேஸ். அழுதேன். பக்கத்தில் இருந்தவன் வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டான்.

இங்கே ராத்திரியில் வார்டர் கம்பிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்வார். நல்ல மனுஷன், அடிக்கமாட்டார், திட்டமாட்டார். ஆனாலும் அவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்குக் கண் மூடாது. பத்து மாதமாக அப்படித்தான் கிடக்கிறேன். பிள்ளை எத்தனை வருஷம் கிடந்தாளோ.

இருபத்தெட்டு வாங்கியது அவள், ஆனால் ரோட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்தவன் நான். இதை அவளிடம் தினமும் சொல். என் பேரைச் சொல்லிச் சொல்லாதே, நீயே சொல்வதாகச் சொல். நான் சொன்னதாகச் சொன்னால் அதுவும் பாடமாகிவிடும். கீர்த்தி வீட்டுக்குத் தடை போடாதே. அந்தக் கந்தன் ஐயாவுக்கு என் வணக்கம்.

ஜீவிதாவிடம் எதையும் மாற்றச் சொல்ல வேண்டாம். ஷாரோன் சொன்னபடியே இருக்கட்டும்.

இந்த மாதக் கடைசியில் வெளியே வருகிறேன். காட்பாடியில் ஒரு மரக்கடையில் சுமை ஏற்ற ஆள் வேண்டுமாம், அங்கேயே தங்கிக்கொள்ளலாம். மார்ச்சில் அவள் பரீட்சைக்குப் போகும்போது எனக்காக நீ பஸ் ஸ்டாப் வரை கூடப் போ. எப்படி எழுதினாய் என்று மட்டும் கேட்டுவிடாதே.

பொதுத்தேர்வு முடியும் வரை வராதே என்றுதான் எழுதியிருக்கிறாள். முடிந்த பிறகு வா என்று எங்காவது எழுதியிருக்கிறாளா என்று ஓரம் மடித்த இடமெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டேன். எழுதவில்லை. நீ அவளிடம் அதைக் கேட்காதே.

உன் அண்ணன்,
சத்யராஜ்